போட்டோ எடிட்டிங்குக்குப் பெரிய மானிட்டர் வாங்கப் போறீங்களா? இன்ச் பார்ப்பதற்கு முன் இதையெல்லாம் பாருங்க!

"ஸ்க்ரீன்ல பார்த்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு!"

கல்யாண ஆல்பம் பிரிண்ட் ஆகி வந்ததும் ஸ்டுடியோக்களில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. மணப்பெண்ணின் முகம் கறுத்துப் போயிருக்கும். பார்த்துப் பார்த்து எடுத்த மயில் கழுத்து கலர் பட்டு, வெறும் பச்சையாக உட்கார்ந்திருக்கும். கலர் லேப்பில் கேட்டால் "நீங்க அனுப்பின ஃபைல்ல இருந்ததைத்தான் போட்டோம்" என்பார்கள். பெண் வீட்டார் முகம் சுளிப்பார்கள். கடைசியில் மறு பிரிண்ட் செலவு விழுவது போட்டோகிராபர் தலையில்தான். ஒரு சீசனில் இரண்டு ஆல்பம் இப்படித் திரும்பி வந்தால், அந்தக் கல்யாணங்களில் நின்ற லாபம் அத்தனையும் காலி.

பெரும்பாலான நேரங்களில் இதில் லேப் மீதும் தப்பில்லை, கேமரா மீதும் தப்பில்லை. எடிட் செய்த ஸ்க்ரீன்தான் பொய் சொல்லியிருக்கும். இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகப் பலரும் முதலில் யோசிப்பது, "பெரிய மானிட்டரா வாங்கிடலாம்" என்பதைத்தான். பெரிசா வாங்குங்க, தப்பே இல்ல. ஆனால் பொய் சொல்லும் 24 இன்ச்சை விட, பொய் சொல்லும் 32 இன்ச் எந்த விதத்தில் மேல்? எதையெல்லாம் பார்த்து வாங்கணும், வாங்கிய பிறகு என்ன செய்யணும்னு விரிவாகப் பார்ப்போம்.

பிரிண்ட் ஏன் கறுக்கிறது?

மானிட்டர் தானே ஒளியை வெளியிடுகிறது. காகிதம் தன் மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. மொத்தச் சிக்கலும் இந்த வித்தியாசத்தில்தான் தொடங்குகிறது.

ஒளிர்வை நிட்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். இன்று கடையில் கிடைக்கும் சாதாரண மானிட்டர்கள் 250 முதல் 350 நிட்ஸ் வரை வெளிச்சம் தரக்கூடியவை. பெட்டியைப் பிரித்து ஆன் செய்தால், பல மாடல்கள் ஏறக்குறைய அந்த முழு வெளிச்சத்திலேயே நிற்கும். காரணம், அப்போதுதான் பார்த்தவுடன் பளிச்சென்று இருக்கும்! ஆனால் பிரிண்டுக்குப் போகும் படத்தை எடிட் செய்ய 80 முதல் 120 நிட்ஸ் போதும் என்பதுதான் இந்தத் துறையில் பொதுவான பழக்கம்.

இப்போ கணக்குப் போடுங்க. ஸ்க்ரீன் தேவையைப் போல மூன்று மடங்கு வெளிச்சத்தில் இருக்கிறது. அறையில் லைட் மங்கல். உண்மையில் இருட்டாக உள்ள படமும் அந்த ஸ்க்ரீனில் நல்ல வெளிச்சமாகத் தெரியும். "கொஞ்சம் ஓவரா இருக்கே" என்று எக்ஸ்போஷரை இன்னும் குறைப்பார் எடிட்டர். பிரிண்ட் இருண்டு வருகிறது. வெள்ளை வேட்டி தப்பித்துவிடும். அடி வாங்குவது மாநிறமும் கறுப்புமான முகங்கள்தான். கன்னத்து நிழல், தாடை ஓரம், தலைமுடியின் இழை எல்லாம் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும். நம்ம ஊர் முகங்களை வைத்துத் தொழில் செய்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. இன்னொரு பக்கம், இப்படி ஒருமுறை சூடு பட்டவர்கள் அடுத்த ஆல்பத்தில் எல்லா முகத்தையும் தேவைக்கு மேல் வெளுத்துவிடுகிறார்கள். அது தனிக் கொடுமை.

கருவி எதுவும் இல்லாமல் இதை இன்றைக்கே ஓரளவு சரிசெய்யலாம். நீங்கள் வழக்கமாக எடிட் செய்யும் அறையில், வழக்கமான லைட்டைப் போடுங்கள். ஒரு வெள்ளை ஏ4 தாளை ஸ்க்ரீனுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். ஸ்க்ரீனில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறங்கள். இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை மானிட்டரின் பிரைட்னஸைக் குறையுங்கள். "என்னங்க இவ்ளோ டல்லா இருக்கு" என்று முதல் இரண்டு நாள் தோன்றும். அப்புறம் கண் பழகிடும்.

புது மானிட்டர் வாங்கும் எண்ணமே இதற்குப் பிறகு சிலருக்குப் போய்விடலாம். போகாதவர்கள் தொடர்ந்து படிங்க.

எத்தனை இன்ச்? எத்தனை பிக்சல்?

இன்ச் என்பது ஸ்க்ரீனின் குறுக்களவு. அந்த அளவுக்குள் எத்தனை பிக்சல் அடைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கணும். 1920க்கு 1080 பிக்சல் கொண்ட ஃபுல் ஹெச்டி, 24 இன்ச்சில் இன்ச்சுக்கு 92 பிக்சல் தரும். அதே ஃபுல் ஹெச்டியை 27 இன்ச்சில் வாங்கினால் 82 ஆகிவிடும். படம் பெரிதாகும், விவரம் கூடாது. கண் இமையைப் பார்த்தால் படிக்கட்டு தெரியும். 27 இன்ச் ஃபுல் ஹெச்டி மானிட்டர்கள் விலை குறைவாகக் கிடைப்பதால் நிறைய பேர் இதில் மாட்டுகிறார்கள். போட்டோ வேலைக்கு அதை வாங்காதீங்க, அவ்வளவுதான்.

27 இன்ச்சில் க்யூஹெச்டி, அதாவது 2560க்கு 1440 என்றால் 109 பிக்சல். இது நல்ல சமநிலை. எழுத்துகளும் மெனுக்களும் எந்த மாற்றமும் செய்யாமலே படிக்கும் அளவில் இருக்கும். அதே 27 இன்ச்சில் 4கே என்றால் 163. பிரிண்டைப் பார்க்கிற மாதிரியே கூர்மை இருக்கும். விண்டோஸில் எழுத்தின் அளவை 150 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் போதும். 32 இன்ச்சில் 4கே 138 பிக்சல் தரும், அருமை. ஆனால் 32 இன்ச்சில் க்யூஹெச்டி என்றால் திரும்பவும் 92தான். பழைய 24 இன்ச் ஃபுல் ஹெச்டியின் அதே நெருக்கம். 'பெரிய மானிட்டர், சின்ன விலை' என்ற விளம்பரங்களில் இதுதான் அதிகம் வருகிறது. விலைக்கு முன்னால் பிக்சலைப் பாருங்க.

24 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படம் 6000க்கு 4000 பிக்சல். ஃபுல் ஹெச்டி ஸ்க்ரீனில் மொத்தம் சுமார் 20 லட்சம் பிக்சல். 4கேயில் சுமார் 83 லட்சம். கூட்டமாக நிற்கும் குடும்பப் படத்தில் யார் கண்ணை மூடியிருக்கிறார்கள் என்பதை ஜூம் செய்யாமலே பிடித்துவிடலாம். நூற்றுக்கணக்கான படங்களில் நல்லதைப் பொறுக்கும்போது இதில் மிச்சமாகும் நேரம் ரொம்பப் பெரிசு. 4கே வாங்கியவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கணும்: பிக்சல் மிகச் சிறியதாக இருப்பதால் 100 சதவீத ஜூமில் எல்லாமே கூர்மையாகத் தெரியும், நாய்ஸும் மறைந்துவிடும். ஷார்ப்னெஸ் வைக்கும்போது 200 சதவீதம் ஜூம் செய்தும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய கம்ப்யூட்டராக இருந்தால் லைட்ரூம் 4கேயில் கொஞ்சம் மூச்சு வாங்கும், அதையும் கணக்கில் வைங்க.

அப்புறம் மேஜை. 27 இன்ச் மானிட்டர் சுமார் 60 செ.மீ. அகலம், 32 இன்ச் சுமார் 70 செ.மீ. இரண்டடி ஆழமுள்ள மேஜையில் 27 வசதியாக உட்காரும். அதே மேஜையில் 32 வைத்தால் ஓரத்தைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். இரண்டரை அடி மேஜை இருந்தால் 32க்குப் போகலாம். இல்லையென்றால் மானிட்டரைச் சுவர்ப் பக்கம் தள்ளிப் பிடிக்கும் ஆர்ம் ஒன்று வாங்கணும்.

ஐபிஎஸ், விஏ, ஓலெட்: எந்த பேனல்?

சுருக்கமான பதில்: ஐபிஎஸ்.

விஏ பேனலின் கான்ட்ராஸ்ட் சாதாரணமாக 3000:1 வரை போகும். ஐபிஎஸ் 1000:1 அளவில் நிற்கும். ஐபிஎஸ் பிளாக் என்ற பெயரில் வரும் புதிய பேனல்கள் 2000:1 தருகின்றன. எண்ணை மட்டும் பார்த்தால் விஏதான் ஜெயிக்கணும். கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும், சினிமா பார்க்க அருமை. ஆனால் விஏயில் பக்கவாட்டில் பார்த்தால் இருண்ட டோன்கள் மாறித் தெரியும். "நான் நேராத்தானே உட்காருறேன்" என்று கேட்கலாம். 32 இன்ச் ஸ்க்ரீனுக்கு முன்னால் நேராக உட்கார்ந்தாலும், அதன் இரண்டு ஓரங்களையும் உங்கள் கண் சாய்வாகத்தான் பார்க்கிறது. ஒரே முகம் நடுவில் ஒரு மாதிரி, ஓரத்தில் ஒரு மாதிரி. ஸ்க்ரீன் பெருக்கப் பெருக்க இந்தக் குறையும் பெருகும். வளைந்த கர்வ்டு மானிட்டர்களில் பலவும் விஏதான். கூடவே, மண்டபத் தூண், பீடம் போன்ற நேர்கோடுகளைச் சரிசெய்யும்போது வளைந்த ஸ்க்ரீன் குழப்பும். கேமிங்குக்கு வாங்குங்க, ஆல்பத்துக்கு வேண்டாம்.

ஐபிஎஸ்ஸிலும் குறை உண்டு. இருட்டறையில் கறுப்புப் படத்தைப் போட்டால் மூலைகள் லேசாக வெளுத்துத் தெரியும். ஓலெட் கறுப்பில் அசத்தும், விலையும் அசத்தும். ஃபோட்டோஷாப் டூல்பார் மாதிரி ஒரே இடத்தில் நாள் முழுக்க அசையாமல் நிற்கும் விஷயங்கள் நாளடைவில் அதன் ஸ்க்ரீனில் தழும்பாகப் பதியும் ஆபத்தும் உண்டு. தினம் 10 மணி நேரம் எடிட் செய்பவர் யோசிக்கணும்.

மயில் கழுத்துக்கு எந்த 'ஆர்ஜிபி'?

தமிழில் பச்சை என்றால் ஒரே பச்சையா? கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை. புடவைக்கடைக்குப் போனால் பட்டியல் இன்னும் நீளும். மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள், அரக்கு, எம்.எஸ்.சுப்புலட்சுமி உடுத்தியதால் பெயர் பெற்ற எம்.எஸ்.ப்ளூ. இத்தனையையும் ஒரு மானிட்டர் காட்டிவிடுமா? காட்டாது. ஒரு மானிட்டரால் எந்தெந்த நிறங்களைக் காட்ட முடியும் என்ற எல்லையை வண்ணப் பரப்பு எனலாம். கடைக்காரர்கள் 'கலர் காமட்' என்பார்கள்.

இதில் மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது எஸ்ஆர்ஜிபி. ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 1996ல் முன்வைத்தது. இன்றைக்கும் இணையத்துக்கும், பெரும்பாலான கலர் லேப்களுக்கும் இதுதான் பொது மொழி. இரண்டாவது அடோபி ஆர்ஜிபி, 1998ல் வந்தது. எஸ்ஆர்ஜிபியை விட பச்சை, நீலப்பச்சை பக்கம் அதிகம் விரியும். மயில் கழுத்து மாதிரியான நிறங்கள் வாழும் இடம் அதுதான். மூன்றாவது பி3. டிஜிட்டல் சினிமாவிலிருந்து வந்தது. சிவப்பு, ஆரஞ்சு பக்கமும் விரிந்திருக்கும். ஐபோன்களில் 2016ல் வந்த ஐபோன் 7 முதல் இந்தப் பரப்பு இருக்கிறது. இன்றைய விலை உயர்ந்த ஆண்ட்ராய்டு போன்களிலும் உண்டு.

அப்படின்னா பெரிய பரப்பு வாங்கினால்தானே நல்லது? இங்கேதான் கவனம் தேவை. நீங்கள் ஆல்பம் அனுப்பும் லேப், எஸ்ஆர்ஜிபி ஜேபெக் மட்டும்தான் வாங்குகிறது என்றால், அடோபி ஆர்ஜிபி மானிட்டரில் நீங்கள் ரசித்த அந்தக் கூடுதல் நிறம் அங்கே போய்ச் சேராது. அடோபி ஆர்ஜிபி ஃபைலை அப்படியே அனுப்பினால், நிறக் குறிப்பைக் கவனிக்காத லேப்பில் படம் சோகையாக வெளுத்து வரும். சொந்தமாகப் பல மை இங்க்ஜெட் பிரிண்டர் வைத்து ஃபைன் ஆர்ட் பிரிண்ட் போடுபவர்களுக்கு அடோபி ஆர்ஜிபி பணத்துக்குத் தகும். அந்த பிரிண்டர்கள் பச்சை, நீலப்பச்சையில் எஸ்ஆர்ஜிபிக்கு வெளியேயும் அச்சிடக்கூடியவை. கல்யாண ஆல்பம், இன்ஸ்டாகிராம், பாஸ்போர்ட் சைஸ் என்று ஓடும் ஸ்டுடியோவுக்கு, முழு எஸ்ஆர்ஜிபியை நேர்மையாகக் காட்டும் மானிட்டர் போதும்.

பரந்த பரப்புள்ள மானிட்டரில் இன்னொரு வம்பும் உண்டு. நிற மேலாண்மை தெரியாத சாஃப்ட்வேரில் சாதாரண எஸ்ஆர்ஜிபி படத்தைத் திறந்தால், எல்லா நிறமும் இழுத்து நீட்டப்பட்டு முகங்கள் தக்காளிச் சிவப்பில் தெரியும். ஃபோட்டோஷாப்பும் லைட்ரூமும் சரியான புரொஃபைல் இருந்தால் ஒழுங்காகக் காட்டும். மற்ற இடங்களுக்காக மானிட்டரில் 'எஸ்ஆர்ஜிபி மோட்' இருக்கணும். சில மாடல்கள் அந்த மோடில் பிரைட்னஸை மாற்ற விடாமல் பூட்டிவிடும். வாங்கும் முன் விமர்சன வீடியோக்களில் இதைச் சரிபாருங்கள்.

பெட்டி மேல் என்ன எழுதியிருந்தால் உஷார்?

'72% என்டிஎஸ்சி' என்று போட்டிருப்பார்கள். என்டிஎஸ்சி என்பது 1953ல் அமெரிக்கக் கலர் டிவிக்காக வந்த பழைய அளவு. அதில் 72 சதவீதம் என்றால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி அளவு. பயப்பட வேண்டாம். '45% என்டிஎஸ்சி' என்றால் எஸ்ஆர்ஜிபியில் 60 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான். விலை குறைந்த லேப்டாப் ஸ்க்ரீன்களில் இது சகஜம். அந்த லேப்டாப்பில் நிறம் திருத்துவது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு புடவை எடுக்கிற கதை.

'125% எஸ்ஆர்ஜிபி' என்பதும் ஒரு விளையாட்டு. பரப்பின் மொத்த அளவு 125 ஆக இருக்கலாம். ஆனால் எஸ்ஆர்ஜிபிக்குள் உள்ள நிறங்கள் அத்தனையும் அதில் அடங்கியிருக்கிறதா என்பது வேறு கேள்வி. 'கவரேஜ்' என்ற சொல்லோடு 99 அல்லது 100 சதவீதம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

'ஹெச்டிஆர் 400' என்ற ஸ்டிக்கருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீங்க. 400 நிட்ஸ் உச்ச வெளிச்சம், ஹெச்டிஆர் சிக்னலை ஏற்கும் என்பதைத் தாண்டி அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்க்ரீனின் பகுதிகளைத் தனித்தனியாக மங்கச் செய்யும் வசதி அந்தத் தரத்துக்குக் கட்டாயமே கிடையாது. பிரிண்டுக்கு நாம் 100 நிட்ஸில் உட்காரப் போகிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

டெல்டா ஈ என்ற எண், காட்ட வேண்டிய நிறத்துக்கும் காட்டிய நிறத்துக்கும் உள்ள தூரம். 2க்குக் கீழே இருந்தால் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கடினம். பெட்டியில் போடுவது பெரும்பாலும் சராசரி. அதுவும் குறிப்பிட்ட ஒரு மோடில் அளந்தது. பெட்டிக்குள் அளவீட்டுத் தாள் ஒன்று இருந்தால், எந்த மோடில் அளந்தார்கள் என்பதைப் படித்து அந்த மோடையே பயன்படுத்துங்கள்.

8 பிட், 10 பிட் விஷயம்: 8 பிட்டில் ஒவ்வொரு முதன்மை நிறத்துக்கும் 256 படிகள், மொத்தம் 1.67 கோடி நிறம். 10 பிட்டில் 1024 படிகள், 100 கோடிக்கு மேல். மாலை வானம் மாதிரி மெதுவாக மாறும் இடங்களில் பட்டை பட்டையாகத் தெரிவதை 10 பிட் குறைக்கும். இருந்தால் நல்லது, இல்லையென்று தூக்கம் போக வேண்டாம். ரிஃப்ரெஷ் ரேட் 60 ஹெர்ட்ஸ் தாராளம். 144, 165 எல்லாம் கேம் ஆடுபவர்களுக்கு.

கேபிளில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 4கே மானிட்டரைச் செருகினால் 30 ஹெர்ட்ஸ்தான் வரும், மவுஸே இழுத்துக்கொண்டு ஓடும். ஹெச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு 4கே ஆர்டர் போடுங்க. லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு யுஎஸ்பி-சி உள்ள மானிட்டர் வசதி. பல மாடல்களில் படமும் சார்ஜும் ஒரே வயரில் முடிந்துவிடும்.

"43 இன்ச் 4கே டிவி இதைவிட மலிவா கிடைக்குதே?"

கிடைக்கும். ஆனால் டிவி என்பது படத்தை அழகாக்கிக் காட்டச் செய்த பெட்டி. ஷார்ப்னெஸ்ஸைத் தானே கூட்டும், நிறத்தைத் தானே ஏற்றும். சில டிவிகள் நிறத் தகவலைப் பாதியாகக் குறைத்துக் காட்டுவதால் சிவப்பு எழுத்துகளின் ஓரம் கலங்கித் தெரியும். பிசி மோட் போட்டு இதில் பலவற்றை அணைக்கலாம் என்றாலும், 43 இன்ச்சை மேஜையில் வைத்து இரண்டடி தூரத்தில் பார்த்தால் கழுத்துக்கு வேலை. கஸ்டமருக்கு ஸ்லைடு ஷோ காட்ட டிவி, எடிட் செய்ய மானிட்டர் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

கேலிபரேஷன் கருவி: யாரும் வாங்காத, எல்லாருக்கும் தேவையான பொருள்

ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கிய இரண்டு மானிட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறம் கொஞ்சம் மாறித்தான் இருக்கும். நாள் ஆக ஆகப் பின்விளக்கும் மாறும். அதனால்தான் நண்பரின் கலர் செட்டிங்கையோ, இணையத்தில் கிடைத்த புரொஃபைலையோ அப்படியே எடுத்துப் போடுவது உதவாது.

கேலிபரேஷன் கருவி உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சென்சார். ஸ்க்ரீன் மேல் அதைத் தொங்கவிட்டால், சாஃப்ட்வேர் ஒவ்வொரு நிறமாகக் காட்டும், சென்சார் அதை அளக்கும், வித்தியாசத்தைக் கணக்கிட்டு உங்கள் மானிட்டருக்கென்றே ஒரு ஐசிசி புரொஃபைலை எழுதிக் கொடுக்கும். டேட்டாகலரின் ஸ்பைடர், காலிபிரைட் என்ற இரண்டு பெயர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகின்றன. மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு அளக்கணும். வெண்மை 6500 கெல்வின், காமா 2.2, ஒளிர்வு 100 நிட்ஸ் என்று வைத்துத் தொடங்கலாம். மாதம் ஒருமுறை திரும்பச் செய்தால் போதும்.

மாதம் ஒருமுறை மட்டும் தேவைப்படும் பொருள் என்பதால், ஒரே ஊரில் உள்ள நான்கு ஸ்டுடியோக்காரர்கள் பணம் போட்டு ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம். வாங்குவதற்கு முன் அதன் சாஃப்ட்வேரை எத்தனை கம்ப்யூட்டரில் போட அனுமதி என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்ப்ளேகால் என்ற இலவச சாஃப்ட்வேரும் பல சென்சார்களோடு வேலை செய்யும்.

விலை உயர்ந்த மானிட்டர்களில் 'ஹார்ட்வேர் கேலிபரேஷன்' இருக்கும். திருத்தம் கம்ப்யூட்டரில் நடக்காமல் மானிட்டருக்குள்ளேயே பதிவாகும். எய்ஸோவின் கலர்எட்ஜ், பென்க்யூவின் எஸ்டபிள்யூ வரிசை இதற்குப் பெயர் போனவை. எய்ஸோவின் சிஜி வரிசையில் சென்சார் மானிட்டரிலேயே உள்ளடங்கி இருக்கும். நேரம் வந்தால் தானே அளந்துகொள்ளும். விலையைக் கேட்டால் நமக்குத்தான் கேலிபரேஷன் தேவைப்படும்.

எங்களைக் கேட்டால், கையில் இருக்கும் மொத்தப் பணத்துக்கு ஒரு 32 இன்ச் வாங்குவதை விட, ஒரு நல்ல 27 இன்ச்சும் மீதிப் பணத்தில் கேலிபரேஷன் கருவியும் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஆரம்ப நிலைக்கு ஆசுஸ் ப்ரோஆர்ட் வரிசையில் 27 இன்ச் க்யூஹெச்டி, முழு எஸ்ஆர்ஜிபி உள்ள மாடல்களைப் பார்க்கலாம். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் அதே வரிசையிலோ டெல் அல்ட்ராஷார்ப்பிலோ 27 இன்ச் 4கே. மேக் பயன்படுத்துபவர்களுக்கு ஆப்பிளின் 27 இன்ச் ஸ்டுடியோ டிஸ்ப்ளே இருக்கிறது. 5கே, பி3 பரப்பு, எழுத்துக் கூர்மை பிரமாதம். அதற்கான பணத்தில் வேறு கம்பெனி மானிட்டரும் நல்ல லென்ஸும் வந்துவிடும் என்பதையும் சொல்லணும்.

அறையும் லேப்பும் ஒத்துழைக்கணும்

மானிட்டருக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் கண் கூசும். எதிரே இருந்தால் ஸ்க்ரீனில் ஜன்னல் தெரியும். பக்கவாட்டில் வையுங்கள், திரை போடுங்கள். நம்ம ஊர் ஸ்டுடியோ அறைகளில் ரோஸ், கிளிப்பச்சைச் சுவர் சகஜம். அந்த நிறம் கண்ணுக்குள் புகுந்து, முகத்தில் எதிர் நிறத்தை ஏற்ற வைக்கும். எடிட் செய்யும் மூலையை மட்டுமாவது வெளிர் சாம்பலாக அடித்துவிடுங்கள். விண்டோஸில் 'நைட் லைட்' ஆன் ஆகியிருந்தால் ஸ்க்ரீன் மஞ்சளாகும். எடிட்டிங் நேரத்தில் அதை அணைக்கணும். டெஸ்க்டாப் வால்பேப்பரும் கண்ணைப் பறிக்காத சாம்பலாக இருந்தால் நல்லது.

லேப்பிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நிறப் பரப்பில் ஃபைல் வேண்டும்? உங்கள் மெஷினுக்கும் பேப்பருக்கும் ஐசிசி புரொஃபைல் தருவீர்களா? கலர் கரெக்ஷன் செய்யாமல் அப்படியே போடுவீர்களா? புரொஃபைல் கிடைத்தால் ஃபோட்டோஷாப்பின் 'புரூஃப் செட்டப்' வழியாகவும், லைட்ரூமின் 'சாஃப்ட் புரூஃபிங்' வழியாகவும் பிரிண்ட் எப்படி வரும் என்பதை முன்கூட்டியே ஸ்க்ரீனில் பார்க்கலாம்.

அதைவிட எளிய வழி, ஆல்பம் அனுப்பும் முன் நான்கைந்து படங்களை 4க்கு 6 அளவில் சாம்பிள் பிரிண்ட் போட்டுப் பார்ப்பது. கறுத்த முகம் ஒன்று, வெள்ளை வேட்டி ஒன்று, பட்டுப்புடவை க்ளோசப் ஒன்று, ராத்திரி ரிசப்ஷன் ஒன்று இருக்கட்டும். வந்ததும் மஞ்சள் பல்பில் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கறுத்து வந்தால் மானிட்டர் பிரைட்னஸை இன்னும் ஒரு படி இறக்குங்கள். முழு ஆல்பம் மறு பிரிண்ட்டோடு ஒப்பிட்டால் இது டீ செலவு.

கடையில் பார்த்து வாங்கலாமா?

ரிச்சி ஸ்ட்ரீட் போய்ப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் ஷோரூம் மானிட்டர் முழு வெளிச்சத்தில், 'விவிட்' மோடில், கிளியும் பழமும் காட்டிக்கொண்டு நிற்கும். அதில் எல்லாமே அழகுதான். உங்கள் படங்கள் நான்கைப் பென்டிரைவில் கொண்டுபோய், எஸ்ஆர்ஜிபி மோடில் போடச் சொல்லிப் பாருங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். முழு ஸ்க்ரீனும் ஒரே நடுச்சாம்பல் நிறப் படத்தைப் போட்டு, இடது வலது ஓரங்களில் மஞ்சளோ ரோஸோ ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய ஸ்க்ரீன்களில் இந்தச் சீரின்மை அதிகம். ஆல்பத்தின் இரண்டு பக்கத்தையும் விரித்து வேலை செய்யும்போது இடப்பக்கம் மணமகனும் வலப்பக்கம் மணமகளும் வேறு வேறு நிறத்தில் தெரிந்தால் எதை நம்பித் திருத்துவீர்கள்? அடுத்து முழுக் கறுப்பு, முழு வெள்ளை போட்டு எரியாத பிக்சல், அணையாத பிக்சல் தேடுங்கள். ஒன்றிரண்டு பிக்சல் செத்திருந்தால் பல கம்பெனிகள் வாரண்டியில் மாற்றித் தராது. டெல் அல்ட்ராஷார்ப் மாதிரியான சில வரிசைகளில் அணையாமல் எரியும் பிக்சல் ஒன்று இருந்தாலே மாற்றித் தருகிறார்கள். வாரண்டித் தாளில் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது படிங்க. அட்டைப் பெட்டியையும் தெர்மோகோலையும் அதுவரை தூக்கிப் போடாதீங்க.

பில் விஷயத்தில் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சைத் தாண்டிய மானிட்டர்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 32 இன்ச் வரையிலான மானிட்டர்களுக்கு 2019 ஜனவரி முதலே 18 சதவீதம்தான். எனவே "ஜிஎஸ்டி குறைஞ்சதால 27 இன்ச்சுக்கு ஸ்பெஷல் விலை" என்று யாராவது சொன்னால், அது கடைக்காரர் தரும் தள்ளுபடி, வரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் ஸ்டுடியோ ஜிஎஸ்டி பதிவு பெற்றதாக இருந்தால், ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு பில் வாங்குங்கள். கட்டிய 18 சதவீதத்தை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பணமே கேலிபரேஷன் கருவிக்கு ஒரு பகுதியாக ஆகும்.